கருவிளங்கனியும் காலிப்ரேஷனும்

ஓசூரை அசை பிரித்தால் ஓ-சூர்: நேர் நேர், தேமா. கிருட்டினகிரி நிரை நிரை நிரை, கருவிளங்கனி. பள்ளியில் படித்த இந்த வித்தை, சிப்காட்டில் வேலை தேடும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தரும்போது எனக்குக் கைகொடுக்கிறது. ஸ்பெசிஃபிகேஷன் என்ற சொல்லைக் கண்டு மிரள்கிறவர்களிடம், "சீரைப் பிரிக்கிற மாதிரி பிரிங்க" என்பேன். ஸ்பெ-சி-ஃபி-கே-ஷன். ஐந்து துண்டு. பயம் பாதி போய்விடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நமக்கு அசை என்றால் அளவு. குறிலா, நெடிலா, ஒற்று இருக்கிறதா என்று பார்ப்போம். ஓசூரில் புழங்கும் கன்னடமும் தெலுங்கும்கூட லகு, குரு என்று அளவைத்தான் எண்ணுகின்றன. ஆங்கிலம் இன்னொன்றும் கேட்கிறது: ஒரு அசையை ஓங்கிச் சொல், மற்றதைத் தாழ்த்து, சிலதைப் பாதி விழுங்கு. ஸ்பெசிஃபிகேஷனில் ஓங்குவது 'கே'.

அந்த ஓங்கல் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. எலெக்ட்ரிக்கில் 'லெக்', எலெக்ட்ரிசிட்டியில் 'ட்ரி'. காலிப்ரேட்டில் 'கா', காலிப்ரேஷனில் 'ப்ரே'. மெயின்டெயினில் 'டெயின்', மெயின்டெனன்ஸில் 'மெயின்'. வாலைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். 'இக்', 'இட்டி', 'ஷன்' என்று முடிந்தால், பெரும்பாலும் அதற்கு முந்தைய அசைதான் ஓங்கும்.

இதெல்லாம் வெறும் இலக்கணம் இல்லை. டிப்ளமோ முடித்த ஒரு பெண் இன்டர்வியூ போய்விட்டு வந்தாள். மைக்ரோமீட்டர் என்று சொன்னதற்கு அங்கே ஒருவர் சிரித்தாராம். "கையில குடுத்திருந்தா ரீடிங் எடுத்துக் காட்டியிருப்பேன் அக்கா. குடுக்கவே இல்ல."

அந்தக் கருவியை ஆங்கிலேயர் 'க்ரா'வை ஓங்கி, மைக்ராமிட்டர் என்பார்கள். 'மை'யை ஓங்கி மைக்ரோமீட்டர் என்றால் அது ஒரு அளவு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரணக் கருவி காட்டுவது 0.01 மில்லிமீட்டர் வரை. எழுத்தில் அமெரிக்கர்களுக்கு இரண்டும் ஒன்றே, காதுதான் பிரிக்கிறது.

"அப்போ நாம சொல்றது தப்பா அக்கா?"

"இல்லம்மா. நம்ம லைன்ல தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி பேசுறவங்க எல்லாரும் நீ சொல்ற மாதிரிதான் சொல்றாங்க. எல்லா அசையும் முழுசா விழுறதால அவங்களுக்குத் தெளிவாப் புரியுது. வெளிநாட்டுக்காரங்ககிட்ட பேசுறப்போ மட்டும் 'க்ரா'வைத் தூக்கிச் சொல்லு."

சிரித்தவரிடம் ஒன்று கேட்கலாம். அந்த வேலைக்குத் தேவை அளக்கத் தெரிந்த கைதானே? ஓங்கிச் சொல்ல ஒரு வாரத்தில் பழகிவிடலாம். திம்பிளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிய மாதங்கள் ஆகும். அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.