எவ்வளவு காலமாக?

தியானப் பகுதி: மாற்கு 9:14-29



நம் சபையின் ஜெபக் குறிப்புகளில் இந்நாட்களில் ஒரு விண்ணப்பம் திரும்பத் திரும்ப வருகிறது: “மருத்துவம் படிக்கும் எங்கள் பிள்ளைக்குப் பொது மருத்துவத் தேர்வு நெருங்குகிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்.” அந்தத் தேர்வுக்கு அவர்கள் எப்படி ஆயத்தமாகிறார்கள் என்பதை அறிந்தால் நாம் இன்னும் கருத்தாய் ஜெபிக்கலாம். அத்துடன், அவர்கள் கற்கும் முதல் பாடம் நம் ஒவ்வொருவருக்கும் உரியது என்பதையும் காண்போம்.

இராயபுரத்தைச் சுற்றி வாழும் நமக்கு ஸ்டான்லி மருத்துவமனையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1782இல் சென்னையைப் பஞ்சம் வாட்டியபோது மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கப்பட்டது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அங்கே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். 1938இல் அதன் வழிவந்த நிறுவனம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாயிற்று. நம் முதியோர் பலர் இன்றும் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைக்கிறார்கள். காசிமேட்டு மீனவரும், திருவொற்றியூர்த் தொழிலாளரும், எண்ணூரிலிருந்து வந்த தாயும் அங்கே அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருக்கிறார்கள். மாணவர்களுக்கு அந்தக் கட்டில்களின் அருகேதான் வகுப்பு.

புத்தகப் படிப்புக்குக் குறைவில்லை. ஹாரிசன், டேவிட்சன் போன்ற கனத்த நூல்களும், நம் மாநில மாணவர் கைகளில் புரளும் அழகப்பனின் செய்முறைக் கையேடும் விடுதி மேசைகளில் இரவெல்லாம் திறந்திருக்கும். ஆனால் எழுத்துத் தேர்வில் வென்றால் மட்டும் போதாது. செய்முறைத் தேர்விலும் தனியே தேற வேண்டும். அதில் ‘லாங் கேஸ்’ என்ற ஒன்று உண்டு. முன்பின் அறியாத ஒரு நோயாளியிடம் மாணவர் அனுப்பப்படுகிறார். குறித்த நேரத்திற்குள் அவரிடம் பேசி, உடலைச் சோதித்து, நோய் இன்னதென்று முடிவு செய்து, தேர்வாளர்கள் முன் நின்று விளக்க வேண்டும்.

அதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் பெயர், வயது, ஊர், தொழில். அடுத்து, என்ன தொந்தரவு, எவ்வளவு நாளாக? நோயாளியின் சொந்த வார்த்தையிலேயே அதைக் கேட்டு, முதலில் தொடங்கியதை முதலில் எழுத வேண்டும். ‘மூச்சு வாங்குது’, ‘நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது’, ‘கால் வீங்குது’ என்ற நம் பேச்சு கேஸ் ஷீட்டின் முதல் வரியாகிறது. பிற மாநிலங்களிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் இதற்காகவே தமிழ் கற்கிறார்கள். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் கண்ணால் பார்த்தல், கையால் தொடுதல், விரலால் தட்டுதல், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டல். தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் அவர்களுக்குச் சொல்லித்தரப்படும் பாடமே. குளிர்ந்த கை நோயாளியைத் திடுக்கிடச் செய்யும் அல்லவா?

இந்த ஒழுங்கில் ஒரு சோதனையும் ஒளிந்திருக்கிறது. தேர்வு நெருங்கும்போது அந்தக் கட்டிலில் இருதய வால்வு, இந்தக் கட்டிலில் கல்லீரல் என்று மாணவர்களுக்குள் செய்தி பரவுவதுண்டு. விடை முன்னமே தெரிந்துவிட்டால் கேள்வி வெறும் சடங்காகிவிடும். படுத்திருப்பவர் ஒரு பெயரையும் குடும்பத்தையும் உடையவர் என்பது மறைந்து, அவர் ஒரு ‘கேஸ்’ ஆகிவிடுவார். மதிப்பெண் கிடைக்கலாம்; மருத்துவர் உருவாகமாட்டார்.

இப்போது மாற்கு ஒன்பதாம் அதிகாரத்துக்கு வாருங்கள். வலிப்பினால் வதைக்கப்படும் மகனை ஒரு தகப்பன் சீஷர்களிடம் கொண்டுவந்திருந்தான். அவர்களால் அவனைச் சொஸ்தமாக்க முடியவில்லை. வேதபாரகர் அவர்களோடு தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அறிவுள்ளோர் வாதாடிக்கொண்டிருக்க, பிள்ளையோ துன்பப்பட்டுக்கொண்டிருந்தான். ஆண்டவர் வந்ததும் பிள்ளையைத் தம்மிடத்தில் கொண்டுவரச் சொன்னார். அவன் தரையில் விழுந்து புரளுகையில் தகப்பனைப் பார்த்து அவர் கேட்டது, எவ்வளவு காலமாக இவனுக்கு இப்படி இருக்கிறது என்பதே (வசனம் 21). தகப்பனின் பதில்: சிறுவயது முதல்.

யாவையும் அறிந்தவர் ஏன் கேட்க வேண்டும்? விடை அவருக்குத் தேவைப்பட்டிருக்காது; சொல்ல வேண்டிய தேவை அந்தத் தகப்பனுக்கு இருந்தது. தீயிலும் தண்ணீரிலும் பிள்ளை விழுந்த நாட்களை, எத்தனை ஆண்டுகள் அவன் நெஞ்சில் சுமந்திருந்தானோ! கேட்கப்பட்டபோதுதான் அதைக் கொட்டினான். அவன் தன் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் சேர்த்து அறிக்கையிட்டதும் அந்த உரையாடலில்தான். கடைசியில் கர்த்தர் பிள்ளையைக் கைப்பிடித்துத் தூக்கினார். கேட்டார், செவிகொடுத்தார், தொட்டார்.

காசிமேட்டைச் சேர்ந்த நம் சகோதரர் ஒருவர், ஐம்பதைக் கடந்தவர், மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் இருந்தபோது நான் அவர் அருகே அமர்ந்திருந்தேன். இறுதியாண்டு மாணவி ஒருத்தி வந்து, “ஐயா, உங்ககிட்ட கொஞ்சம் பேசலாமா?” என்று அனுமதி கேட்டாள். எவ்வளவு நாளாக மூச்சு வாங்குகிறது, எத்தனை படி ஏறினால், இரவில் திடுக்கிட்டு எழுவதுண்டா என்றெல்லாம் கேட்ட பிறகு, “சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டு வீங்கி வலிச்சது உண்டா ஐயா?” என்றாள். சகோதரர் வெகுநேரம் யோசித்தார். “ஆமாம்மா, பத்து வயசு இருக்கும். எங்க அம்மா என்னை இடுப்புல தூக்கிட்டே அலைஞ்சாங்க” என்றார். நாற்பது ஆண்டுகளாக ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. தாயைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. மாணவி எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

அந்தக் கேள்வியின் பொருள் எனக்குப் பின்பு விளங்கிற்று. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் மூட்டுகளை வருத்திவிட்டுப் போய்விடும். இருதய வால்வில் விட்டுச்சென்ற வடு பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். நெருக்கடியான குடியிருப்புகளில் இது அதிகம். (பெற்றோரே, தொண்டை வலிக்குப் பின் பிள்ளையின் மூட்டுகள் வீங்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.) வால்வு சுருங்கிய இருதயத்தின் ஓசை மிக மெல்லியது. நோயாளியை இடப்புறம் திருப்பிப் படுக்கவைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, குனிந்து கேட்டால்தான் அது காதில் விழும். அவசரக்காரருக்கு அது கேட்காது.

தொழில் பற்றிய கேள்வியையும் எண்ணிப் பாருங்கள். இத்தாலிய மருத்துவர் ராமத்சினி 1700இல் வெளியிட்ட நூலில், நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலையும் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தினார். நிலக்கரித் தூசியும் ஆலைப் புகையும் சூழ வாழும் நம் வடசென்னையில், அந்த ஒரு கேள்வியைக் கேட்காதவர் நோயைப் பாதிதான் அறிவார்.

மாணவர்களை வகுப்பறையிலிருந்து வார்டுக்கு அழைத்துச்சென்று பயிற்றும் முறையை 1890களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நிலைநாட்டியவர் வில்லியம் ஆஸ்லர். மருத்துவ உலகமே பயின்ற பெரும் பாடநூலை 1892இல் எழுதியவரும் அவரே. ஆயினும் வார்டுகளில் மாணவர்களுக்குக் கற்பித்ததையே தம் வாழ்வின் சிறந்த பணியாக அவர் கருதினார். அவர் ஒரு போதகரின் மகன் என்பதை நான் மகிழ்ச்சியோடு நினைவுகூருகிறேன்.

தேர்வு எழுதப்போகும் அன்புப் பிள்ளைகளே, சீஷர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று அவர்கள் கூட்டத்தின் முன் தோற்றுப்போனார்கள். வீட்டுக்குள் வந்தபின் தனித்திருந்து, எங்களால் ஏன் முடியவில்லை என்று ஆண்டவரிடம் கேட்டார்கள் (வசனம் 28). அவர் அவர்களைத் தள்ளிவிடவில்லை, கற்பித்தார். தேர்வில் தவறினாலும் நீங்கள் அவருடைய சீஷரே. அந்தக் கேள்வியோடு அவரிடமே வாருங்கள். உங்கள் பெற்றோரிடமும் எங்களிடமும் மறைக்காமல் வாருங்கள். நள்ளிரவில் மனம் தளர்ந்தால் போதகரின் கதவைத் தட்டத் தயங்க வேண்டாம்.

மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும் சகோதர சகோதரிகளே, களைப்பாயிருந்தால் மாணவரிடம் ‘பிறகு வாருங்கள்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பேச முடிந்தால் உண்மையை முழுவதும் சொல்லுங்கள். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் வருந்திய ஸ்திரீ இயேசுவிடம் அப்படியே சொன்னாள் (மாற்கு 5:33). உங்கள் வார்த்தையால் பயிலும் பிள்ளை நாளை ஆயிரம் பேருக்கு மருத்துவராவான்.

வியாதியஸ்தரைச் சந்திக்கப் போகும் மற்ற நாமோ பெரும்பாலும் விடைகளோடு போகிறோம். கஷாயம் சொல்லுகிறோம், வசனம் சொல்லுகிறோம், வேறொருவருக்கு வந்த நோயின் கதையைச் சொல்லுகிறோம். இந்த வாரம் ஒருவரையாவது சந்தித்து, “எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். கேட்டபின் பேசாமல் காத்திருங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு ஜெபியுங்கள்.

ஜெபம்: எங்கள் துக்கங்களின் காலத்தை அறிந்தும் எங்களைக் கேட்கிற ஆண்டவரே, தேர்வுக்கு ஆயத்தப்படும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெளிந்த சிந்தையையும் பொறுமையுள்ள செவியையும் தாரும். வார்டுகளில் படுத்திருக்கிறவர்களைத் தொடும். சொல்லப்படாத பாடுகளைக் கேட்க எங்களுக்கும் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.