இலையும் சீட்டும்

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர்ச் சாலையில் அமைந்துள்ள ஊர் தவளக்குப்பம். அவ்வூரில் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தியின் பழைய குறிப்பேட்டினுள் காய்ந்த இலையொன்று இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது பாட்டி பறித்துத் தந்த இலை அது. அதன் பெயரையும் பயனையும் பாட்டி அன்றே சொல்லியிருந்தார். இன்று பாட்டி இல்லை. அவர் சொன்ன பெயரும் அவள் நினைவில் இல்லை. பறித்தது ஏரிக்கரையிலா வயல் வரப்பிலா, மழைக்காலத்திலா கோடையிலா என்பதும் தெளிவாக இல்லை. இலை மட்டும் நரம்பு குலையாமல் இருந்தது. அதனைத் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டினாள். திருப்பிப் பார்த்த அவர், “எங்கே, எப்போது எடுத்தாய், அம்மா?” என்று கேட்டார். அவளால் விடை கூற இயலவில்லை.

தவளக்குப்பத்துக்கு வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடும் இவ்வினாவின் அருமையை உணர்த்தும். அங்கு 1945-இல் அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், கிடைத்த பானை ஓடுகள் எந்த மண்ணடுக்கைச் சேர்ந்தவை என்பதைக் கருத்துடன் பதிவு செய்தார். காலம் அறியப்பட்ட உரோமானிய மட்கலச் சில்லுகளோடு சேர்ந்து கிடைத்தமையால் உள்ளூர் மட்கலங்களின் காலத்தையும் கணிக்க முடிந்தது. அடுக்கின் குறிப்பு இல்லையெனில் அவை வெறும் ஓடுகளே.

இலைக்கும் இதுவே விதி. புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் 1955-இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரத் தொகுப்பு உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் திரட்டப்பட்ட 20,000-க்கும் மேற்பட்ட தாவர மாதிரிகள் அங்குக் காக்கப்படுகின்றன. உலர்தாவரத் தொகுப்பில் ஒவ்வொரு மாதிரியும் அழுத்தி உலர்த்தப்பட்டுத் தடித்த தாளில் ஒட்டப்படும். தாளின் ஓரத்தில் ஒரு விவரச்சீட்டு இருக்கும். தாவரத்தின் பெயர், குடும்பம், எடுத்த இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், எடுத்தவர் பெயர், அவர் இட்ட எண் ஆகியவை அதில் இடம்பெறும்.

தாள்களைப் பேழைகளில் பெரும்பாலும் தாவரக் குடும்ப வரிசையில் அடுக்குவர். ஆகவே ஒரு குடும்பத்தைத் தேடுவது எளிது. ஆனால், அகத்தியமலையில் 1,000 மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள் யாவை என்று ஒருவர் கேட்டால், எல்லாப் பேழைகளையும் திறந்தாக வேண்டும். இவ்விடரைத் தரவுத்தள மென்பொருள் நீக்குகிறது. ஒவ்வொரு தாளுக்கும் தனி எண் தரப்படுகிறது. சீட்டின் செய்திகள் தனித்தனிக் கட்டங்களில் பதியப்படுகின்றன. பின்னர் இடம், உயரம், ஆண்டு என எவ்வழியில் கேட்டாலும் நொடியில் விடை கிடைக்கும். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பெசிஃபை, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான பிராம்ஸ் ஆகியன இத்தகைய மென்பொருள்கள். பல நாடுகளின் இத்தகைய பதிவுகளை ஒருங்கே காணச் செய்யும் ‘ஜிபிஃப்’ எனும் உலக அமைப்பு 2001-இல் தோன்றியது.

நல்ல தரவுத்தளம் பழையதை அழிப்பதில்லை. வேம்புக்கு 1753-இல் லின்னேயஸ் இட்ட பெயர் மெலியா அசாடிராக்டா. 1830-இல் அது அசாடிராக்டா இண்டிகா ஆயிற்று. இவ்வாறு பெயர் மாறும்போது, புதிய பெயரும் அதனை உறுதி செய்தவர் பெயரும் நாளும் சேர்க்கப்படுமேயன்றிப் பழைய பெயர் நீக்கப்படுவதில்லை. பதிவு செய்பவரின் கவனமும் இன்றியமையாதது. தீர்க்கரேகை 77 என்பதை 87 எனத் தவறாக இட்டால், மலைமேல் நிற்கும் மரம் வங்கக் கடலுக்குள் போய்விடும்!

அந்நிறுவனத்தின் மகரந்தவியல் ஆய்வகத்தை வழிநடத்தியவர் கணபதி தணிகைமணி. மகரந்தத் துகள்களின் வடிவம் பற்றி உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகளைத் தேடித் தொகுத்து, அவற்றுக்கு அட்டவணை நூல்கள் படைத்தவர். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் அவர் உயிரிழந்தார். அவர் நெஞ்சில் இருந்தவற்றுள் எழுதப்படாதவை அவரோடு போயின. எழுதப்பட்டவையோ இன்றும் பயன்படுகின்றன. மகரந்த மாதிரிகளைத் தாங்கிய கண்ணாடித் தகடுகள் அந்நிறுவனத்தில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றின் சீட்டுகளைப் படித்து, அவரைக் கண்டறியாத இளையோரும் ஆய்வைத் தொடரலாம்.

மாணவி அக்குறிப்பேட்டின் புதிய பக்கத்தைத் திறந்தாள். மறுநாள் காலை ஏரிக்கரைக்குச் சென்று, பாட்டி தந்த இலையைப் போன்ற இலையுடைய செடியொன்றைத் தேடிக் கண்டு, பூவோடு ஒரு சிறு கிளையை மட்டும் எடுத்துவந்தாள். செய்தித்தாளுக்கிடையே அதனை அழுத்தி வைத்தாள். இடம், தவளக்குப்பம் ஏரிக்கரை. நாள், எடுத்தவர், பூவின் நிறம் என ஒவ்வொன்றாக எழுதினாள். பெயர் என்னும் கட்டத்தை வெறுமையாக விட்டாள். பெயரை அறிந்தவர் பின்னர் ஒருநாள் எழுதிக்கொள்ளலாம். இடத்தையும் நாளையும் அவளன்றி வேறு எவரும் எழுத இயலாது.