பல்லு வயதைச் சொல்லும், பெயரைச் சொல்லாது

 

2023 ஜூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டின இடத்தில் எலும்புகள் வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2024 ஜூலையில் அகழ்வு முடியும்போது 52 பேரின் எச்சங்கள். அன்றிலிருந்து ஊரில் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சேர், எலும்பை வைச்சு ஆள் யாரெண்டு சொல்லேலாதா?"

பாதி சொல்லலாம். பல்லை எடுங்கள். தரம் 1, 2 படிப்பிக்கிற எங்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஆறு வயதில் முன்பல் விழுந்து பிள்ளை காற்றுப் போகக் கதைக்கும். அதே வயதில் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். பன்னிரண்டு அளவில் இரண்டாவது. ஞானப்பல் 17க்குப் பிறகு, சிலருக்கு வராமலே போகும். தடய மானிடவியலிலும் வயது பார்ப்பது இந்த வழியில்தான். ஆனால் அவர்கள் எக்ஸ்ரே எடுத்து, தாடைக்குள் இருக்கிற பல்லின் வேர் எவ்வளவு வளர்ந்தது என்று பார்ப்பார்கள். பிள்ளை என்றால் கணக்கு கிட்டமுட்டச் சரிவரும். வளர்ந்தவருக்குப் பல்லின் தேய்மானம், இடுப்பெலும்பு என்று போகவேண்டும், பத்து வருடம் அங்கே இங்கே போகும். ஆணா பெண்ணா என்று வளர்ந்தவரின் இடுப்பெலும்பு சொல்லும். சின்னப்பிள்ளையின் எலும்பில் அது கஷ்டம்.

பெயருக்கு வேறு சாமான் வேண்டும்: உயிரோடு இருக்கும்போது எடுத்த பதிவு. 2004 சுனாமியில் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டவர் பலரை அவரவர் ஊர்ப் பல் வைத்தியரிடம் இருந்த பதிவுகளை வைத்தே கண்டுபிடித்தார்கள். வன்னியில் யாரிடம் அது இருக்கிறது? பல்லுக் குத்தினால் கிராம்பு வைத்துப் படுத்த சனம் நாங்கள். 1990 ஒக்டோபரில் புலிகள் எங்கள் ஆட்களை வெளியேற்றியபோது போட்டோ அல்பத்தையே விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர். 2009இல் தமிழ்ச் சனத்துக்கும் அதுதான் நடந்தது.

"அது தமிழ் ஆட்களின் பிரச்சினை" என்று நம்மில் சிலர் சொல்வது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் புலிகள் கடத்திய காத்தான்குடி ஆட்களின் மையித்தைத் தேடி அவர்களின் குடும்பங்களும் நீதிமன்றப் படி ஏறினதுதானே. தாடையெலும்பைப் பார்த்து யாரும் மார்க்கம் சொல்லமுடியாது.

உ/த உயிரியல் படிக்கிற பிள்ளை ஒன்று இந்தத் துறைக்குப் போக ஆசைப்படுகிறது. வாப்பாவுக்கு விருப்பமில்லை, "மையித்தைக் கிண்டுற வேலையா?" என்கிறார். மையித்தின் எலும்புக்கும் நோவு கொடுக்கக்கூடாது என்று படித்து வளர்ந்தவர்கள்தான் நாங்களும். சின்னத் தூரிகையால் மண்ணைத் தட்டி, ஒவ்வொரு எலும்புக்கும் இலக்கம் போட்டு வைக்கிற வேலையை அவர் ஒருநாள் பார்க்கவேண்டும். பேராதனையில் பல் மருத்துவ பீடம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் இருக்கிறது. பெறுபேறு வரட்டும், திரும்பவும் போய்க் கதைப்போம்.

அதுவரைக்கும், ஆளைத் தேடுகிற வீடுகள் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். முன்பல் உடைந்திருந்ததா, பல்லுக்கு மேல் பல்லா, தங்கப்பல் கட்டினதா, எந்தக் கை முறிந்து எப்போது பொருந்தியது. பல்லுத் தெரியச் சிரிக்கிற படம் இருந்தால் பிரதி எடுங்கள். மரபணுச் சோதனைக்கு உம்மா, வாப்பாவின் மாதிரிதான் நல்லது, அவர்களுக்கோ வயது போகிறது. எழுதத் தெரியாதவர்கள் அஸருக்குப் பிறகு பாடசாலைப் பக்கம் வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.