போத்தலுக்குள் எறும்புகள்

"எறும்பின் சுறுசுறுப்பு" என்று கரும்பலகையில் கட்டுரைத் தலைப்பை எழுதித் திரும்பினோம். எட்டாம் தரத்து மாணவன் ஒருவனுடைய புத்தகப்பையிலிருந்து ஜாம் போத்தலொன்று உருண்டு வந்தது. உள்ளே நூறு எறும்புகளேனும் இருக்கும். பாதி செத்துக் கிடந்தன.

"ஓணானுக்கு, சேர்" என்றான். லயத்தின் பின்புறம் பிஸ்கட் தகரத்தில் வளர்க்கிறானாம். சீனிப்பாகு தடவிய ஈர்க்கைத் தேயிலைத் தூரில் செருகுவான். மொய்த்தவற்றைப் போத்தலுக்குள் தட்டுவான்.

"காலையிலே புடிச்சா அந்திக்குள்ளே செத்துருது. ஏன் சேர்?"

தமிழ் படித்த நமக்கு விடை தெரியவில்லை. விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டறிந்தோம். இரை தேடி வெளியே அலைவன யாவும் வேலைக்கார எறும்புகள். பெண்களே, ஆயினும் இனம் பெருக்குவன அல்ல. அரசி இல்லாத போத்தலில் செத்ததற்கு ஈடாகப் புதிதொன்று பிறக்காது. ஈரம் வற்றினாலும் மடியும். நெருக்கி அடைத்தாலோ, சிலவகை எறும்புகள் தாமே பீய்ச்சும் அமிலத்தின் ஆவியில் மூச்சுமுட்டிச் சாகும். அகன்ற பாத்திரமும் ஈரப்பஞ்சும் இருந்தால் சில நாள் தாங்கும்.

இதைச் சொன்னதும் பையன் சற்றே யோசித்தான். "எங்க காம்பராவிலே எட்டுப் பேரு, சேர். மழைக்குக் கதவச் சாத்தினா அப்படித்தான் இருக்கும்."

10 அடிக்கு 12 அடி என்று வெள்ளைக்காரத் துரைமார் அளந்து கட்டிய அறைகள் அவை. சுறுசுறுப்பைப் பற்றி எழுதச் சொன்ன நமக்கு வெட்கமாக இருந்தது.

மாலையில் ஓணானைப் பார்க்கப் போனோம். உதடு கறுத்த இனம். இலங்கையின் மலைநாட்டிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாதது. ஆஸ்திரேலியப் பாலையின் முட்பல்லி எறும்பையே தின்று வாழும். இதற்கோ பலவகைப் பூச்சிகளும் வேண்டும். தகரத்தில் மெலிந்து கிடந்தது. ஐரோப்பியச் செல்வர்களின் கண்ணாடிப் பெட்டிகளுக்காக இத்தகைய ஓணான்கள் கடத்தப்பட்டதால், 2019இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு இவ்வினத்தின் வர்த்தகத்தைத் தடைசெய்தது. நம் நாட்டுச் சட்டப்படியும் பிடித்து வளர்ப்பது குற்றம். நல்ல சட்டமே, மறுக்கவில்லை. ஆயினும் அந்த லயத்து முற்றத்தில் நின்றபோது வேறொரு சட்டமும் நினைவில் வந்தது. இதே மலையில் பிறந்த பையனின் பூட்டனை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவனாக்கிற்று. எஞ்சியிருந்தோர்க்கு வழி பிறக்க 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஓணானுக்கோ இந்த மண்ணுக்கு உரியது என்ற சான்று எளிதில் கிடைத்துவிட்டது.

"விட்டுவிடு" என்று அதட்டச் சட்டம் நமக்கு இடம் தந்தது, மனம் தரவில்லை. அவனுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"வெளியிலே விட்டா யாரு சேர் எறும்பு குடுப்பா?"

அதுவே தேடிக்கொள்ளும் என்றோம். நம்பாமலே தகரத்தை வேலியோரம் கொண்டுபோய்ச் சாய்த்தான். ஓணான் நெடுநேரம் அசையவில்லை. பிறகு கிளையொன்றைப் பற்றி ஏறிற்று. போத்தலில் உயிரோடிருந்த எறும்புகளையும் அதே வேலியடியில் கொட்டினான். ஓணானுக்கு இரவுச் சாப்பாடாம்.

கட்டுரையை அவன் இன்னும் தரவில்லை. நாமும் கேட்கவில்லை.