இயங்க மறுத்த வாள்

மரம் அரியும் சங்கிலிவாள் இயங்க மறுக்கும்போது அதனை வைத்திருப்பவன் செய்யும் முதற் செயல், கயிற்றை மீண்டும் இழுப்பதாகும். இரண்டாவது செயலும் அதுவே. பத்துத் தடவை இழுத்தும் கிட்டாதது இருபதாவது தடவையிற் கிட்டிவிடும் என்ற நம்பிக்கை, தோள் நோகும்வரை அவனை விட்டகல்வதில்லை. வீட்டுக் கூரைமேற் சாய்ந்த தென்னையையும் பட்டுப்போன பனையையும் கூலிக்குத் தறித்துப் பிழைப்பவனுக்கு அது வெறும் பிடிவாதமன்று. வாள் இயங்காவிடின் அன்றைய கூலி இல்லை. அவனை நம்பிக் கயிறு பிடிக்க வந்த இருவருக்கும் இல்லை.

கிளிநொச்சி மாவட்டத்துச் சந்தியொன்றிலே, தகரக் கொட்டகையின் கீழ் நீரிறைக்கும் எஞ்சின்களையும் சங்கிலிவாள்களையும் திருத்தும் முதியவர் ஒருவர் இருக்கின்றார். நாற்பது தடவை கயிறிழுத்துக் களைத்த இளைஞன் ஒருவன் ஒரு காலை அவரிடம் தன் வாளைக் கொணர்ந்தான். வேறோரிடத்திற் காட்டியபோது காபரேற்றரையே புதிதாக மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குரிய பணம் அவனிடம் இல்லை. முதியவர் வாளைத் தொடவில்லை, வினவத் தொடங்கினார்.

“கடைசியா எப்ப ஓடினது, தம்பி?”

“மாரிக்கு முன்னம், ஐயா. மூண்டு மாசம் இருக்கும்.”

“வேலையிலை தானா நிண்டு போச்சோ, நீர் நிப்பாட்டி வைச்சனீரோ?”

“நான்தான் நிப்பாட்டி வைச்சனான்.”

“பெற்றோல் உள்ளுக்கை கிடந்ததோ?”

“அரைவாசி கிடந்தது.”

இவ்வினாக்களிலேயே திருத்தத்தின் பாதி முடிந்துவிட்டது எனலாம். வேலையின் நடுவே வலுவிழந்து நின்ற வாளின் நோய் வேறு. நலமாக நிறுத்தி வைக்கப்பட்டுப் பின்னர் எழ மறுக்கும் வாளின் நோய் வேறு. முன்னதில், எண்ணெய் போதாமல் முசலம் உருளையோடு உராய்ந்து கீறுண்டிருக்கக் கூடும். பின்னதில் ஐயம் முதலில் எரிபொருள்மீதே விழும். பெற்றோலை நெடுநாள் வைத்திருந்தால் எளிதில் ஆவியாகும் பகுதி அகன்றுவிட, பிசின் போன்றதொரு படிவு எஞ்சி நுண்ணிய துவாரங்களை அடைக்கும்.

எனினும் ஐயம் முடிவாகாது. எஞ்சின் இயங்குவதற்கு எரிபொருளோடு வளி கலந்த கலவையும், அதனை நெருக்கும் அமுக்கமும், தக்க வேளையில் தீப்பொறியும் வேண்டும். முதியவர் கயிற்றின் பிடியைப் பற்றி வாளை அந்தரத்திலே தொங்கவிட்டார். அது சடுதியாகக் கீழிறங்காமல் விட்டுவிட்டு, தயங்கித் தயங்கி இறங்கிற்று. அமுக்கம் உண்டு என்பதற்கு அதுவே சான்று. பின்னர் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்திலே பிடித்தார். அது வரண்டு கிடந்தது. நாற்பது இழுப்புக்குப் பின்னரும் வரண்டிருக்கிறதெனின் உருளைக்குள் எரிபொருள் செல்லவில்லை என்பது பெறப்படும்.

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையிலே அறவணவடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியைக் கற்பிக்கின்றார். புகையுள்ள மலையில் நெருப்புண்டு என்று துணிவதும், அதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டுவதும் தமிழ் கற்கும் மாணவர் அறிந்தவையே. பரீட்சைக்காக மனனஞ் செய்யப்படும் அப்பகுதி, தகரக் கொட்டகையிலே எண்ணெய்க் கைகளால் நாள்தோறும் நிகழ்த்தப்படுகின்றது. அக்காதையைப் படிப்பிப்போர் ஒருமுறை அங்கு சென்று நின்று பார்ப்பது வீண்போகாது.

போலிகளும் அங்கு உண்டு. சோக்கை மூடியபடியே பலமுறை இழுத்தால் உருளை எரிபொருளால் நிரம்பிப் பிளக் நனைந்துவிடும். அவ்வேளையில் புதிய பிளக் ஒன்றை வாங்கிப் பூட்டுவோன், வாள் உடனே இயங்கக் கண்டு, பழைய பிளக்கே பழுது என்று துணிகிறான். உண்மையில், பிளக்கைக் கழற்றி வைத்திருந்த நேரத்திலே உருளை உலர்ந்துவிட்டது. பழைய பிளக்கையே துடைத்துப் பூட்டியிருந்தாலும் அது இயங்கியிருக்கும். ஏதுப்போலிக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கடைகளிற் பிளக்குகள் விற்பனையாவதற்கும் இதுவே ஒரு காரணம் போலும்.

முதியவர் அடுத்துச் செய்தது சிறியதொரு காரியம். மூடிக்குள் எண்ணெய் கலந்த புதிய பெற்றோலை எடுத்து, நாலைந்து துளிகளைப் பிளக் துவாரத்தினூடாக விட்டு, பிளக்கைப் பூட்டிக் கயிற்றை இழுத்தார். வாள் இரண்டு விநாடி உறுமி அடங்கியது. இளைஞன் முகம் வாடினான். முதியவர் முகம் மலர்ந்தது. தீப்பொறி உண்டு, எரிபொருள் வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

இந்தத் துளி வித்தையை அவருக்குக் கற்பித்தது தட்டுப்பாடாகும். 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டது. வன்னியில் 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரையும் பெற்றோல் துளிக்கணக்கிலே எண்ணப்பட்டது. மோட்டார் சைக்கிள்களும் நீரிறைக்கும் எஞ்சின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆயின் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு எழாது. பெற்றோல் பூச்சியப் பாகைக்கு மிகக் கீழேயே தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். மண்ணெண்ணெய் அவ்வாறு தருவதற்கு ஏறத்தாழ 38 பாகை செல்சியசாவது வேண்டும். ஆகவே சிறு போத்தலிற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளை விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயிடம் ஒப்படைத்தனர். கண்ணெரியும் புகை தெருவெங்கும் நிறைந்தது. தோட்டங்களுக்கு நீரும் பாய்ந்தது. எஞ்சினை எழுப்புவது ஒன்று, தொடர்ந்து ஓட்டுவது மற்றொன்று என்ற வேறுபாட்டை அவ்வாண்டுகளில் வாழ்ந்த ஒவ்வொருவரும் கைப்பழக்கமாக அறிந்திருந்தனர். சங்கிலிவாளுக்குத் தனிப் பெற்றோலை விடலாகாது என்பதை மட்டும் அவர் பின்னரே சேர்த்துக்கொண்டார். எரிபொருளிற் கலந்த எண்ணெயன்றி அதன் முசலத்துக்கு வேறு வழுக்கல் இல்லை.

இனித் தேடவேண்டிய வழி குறுகியது. தாங்கியிலிருந்த வடியைக் கம்பியால் கொழுவி வெளியே எடுத்தார், அழுக்கேறியிருந்தும் அடைபடவில்லை. இறப்பர்க் குழாயில் வெடிப்பில்லை. தாங்கி மூடியைத் தளர்த்தி இழுத்தும் பயனில்லை. ஆதலால் வளித்துவாரமும் குற்றமற்றது. எஞ்சியது காபரேற்றர். தண்ணீர்ப் பம்பிகளின் காபரேற்றரில் மிதவை இருக்கும். சங்கிலிவாளையோ சரித்தும் கவிழ்த்தும் பிடிக்கவேண்டியிருப்பதால் அங்கு மிதவை உதவாது. மெல்லிய தகடொன்று மேலும் கீழும் அசைந்து எரிபொருளுக்கு வழிவிடும். அதனை முதியவர் ‘டயபிரம்’ என்பார். பாடநூலிலே நுரையீரலின் கீழ் உள்ள அவ்வடிவத்தைப் ‘பிரிமென்றகடு’ என்று மாணவர் படிக்கின்றனர். இரண்டும் ஒரே சொல்லின் வழிவந்தவை என்பதைக் கொட்டகைக்கும் வகுப்பறைக்கும் யாரும் சொல்லவில்லை. மூச்சு வாங்குவதுபோல் அசையவேண்டிய அத்தகடு, மூன்று மாதப் பழைய பெற்றோலிற் கிடந்து, காய்ந்த பனையோலை போல் விறைத்திருந்தது. விரலால் அழுத்தியபோது சரசரத்தது.

காபரேற்றர் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தகடும் அதன் கீழிருந்த கடதாசி வளையமும் மாற்றப்பட்டன. ஊசிமுனை அளவான வலைச்சல்லடை கழுவப்பட்டது. சோக்கை இட்டு முதியவர் இழுத்தார். மூன்றாம் இழுப்பில் வாள் ஒருமுறை இருமிற்று. உடனே சோக்கை எடுத்துவிட்டு, இளைஞனிடம் கயிற்றைக் கொடுத்தார்.

“இப்ப நீர் இழும். ஒருக்கா இருமினாப் பிறகு சோக்கோடை இழுக்கப்படாது. இழுத்தால் பிளக் நனையும்.”

இரண்டாவது இழுப்பில் அது எழுந்தது. வீதியோரத்திலே கயிற்றுச் சுருளை மடியில் வைத்துக் குந்தியிருந்த இருவரும் அவ்வோசை கேட்டு எழுந்து நின்றனர். பொழுது பத்தைத் தாண்டவில்லை. தாங்கியிலிருந்து வடித்த பழைய பெற்றோலை முதியவர் நிலத்திற் கொட்டவில்லை. உதிரிப்பாகங்கள் கழுவும் பேணிக்குள் ஊற்றி, மூடி, அடுப்பிலிருந்து தூரமாக வைத்தார்.