பென்குயினுக்கும் ஓர் அடங்கல்

பிரெஞ்சு மொழியில் பென்குயினுக்கு 'மான்ஷோ' என்று பெயர். கை இழந்தவன் என்று பொருள். 'பேங்குவேன்' என்றும் ஒரு சொல் உண்டு. ஆனால் அது வடகடல் பக்கம் வாழ்கிற, பறக்கத் தெரிந்த வேறு பறவை. புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது, இரண்டையும் மாற்றி எழுதும் பையன்களை எங்கள் வாத்தியார் லேசில் விடமாட்டார்.

அந்தப் பேங்குவேன் இனத்தில் பறக்காத பெரிய பறவை ஒன்று இருந்தது. பென்குயின் என்ற பெயர் முதலில் அதற்குத்தான் வழங்கியது. இறைச்சிக்காகவும் இறகுக்காகவும் அடித்தே தீர்த்தார்கள். 1844-இல் ஐஸ்லாந்துக்கு அருகில் ஒரு பாறைத் தீவில் கடைசி ஜோடியும் போயிற்று. வருடா வருடம் எண்ணி எழுதிய கணக்கு அதற்குக் கிடையாது.

அதற்கு நான்கு வருடம் முன்பு, 1840 ஜனவரியில், துய்மோன் துர்வில் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி அண்டார்டிகா கரையை எட்டினார். மனைவி அடேலின் நினைவாக அந்த நிலத்துக்கு 'தெர் அடேலி' என்று பெயர் வைத்தார். அங்கே கண்ட சின்னப் பென்குயினுக்கும் அடேலி என்ற பெயரே நிலைத்தது. ஊர் ஊராகக் கப்பலில் அலைந்த மனிதர், வீட்டில் காத்திருந்தவருக்கு ஒரு கண்டத்தின் துண்டையே எழுதி வைத்துவிட்டார்!

பாரிசில் இருக்கும் என் தங்கை மகன் அவ்வப்போது பிரெஞ்சுப் பத்திரிகைகள் அனுப்புவான். பென்குயின் கணக்கெடுப்பு பற்றி எது வந்தாலும் நான் விடாமல் படிப்பேன். புதுச்சேரிக்காரன் நிலக்கோட்டைப் பக்கம் வந்து வருவாய்த் துறை எழுத்தரானது தனிக்கதை. அதை இன்னொரு நாள் சொல்கிறேன். கிராமக் கணக்கிலும் அடங்கலிலும் முப்பது வருடத்துக்கு மேல் உழன்றவனுக்கு, பென்குயின் கணக்கும் நம் ஆபீஸ் வேலை மாதிரிதான் தெரிகிறது.

எப்படி எண்ணுகிறார்கள் என்று சொல்கிறேன். அடேலி பென்குயின் கூழாங்கல் பொறுக்கிக் கூடு கட்டும். பெரும்பாலும் இரண்டு முட்டை. தாயும் தகப்பனும் முறைவைத்து அடைகாக்கும். ஒன்று கூட்டில் இருந்தால் மற்றது கடலில் இரை தேடும். ஆகையால் முட்டையிட்டு முடித்த சமயத்தில் போய், கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவைகளை எண்ணினால் அத்தனை ஜோடி என்று கணக்கு. ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் எண் மாறிவிடும். ஒரே கூட்டத்தை மூன்று முறை எண்ணிச் சராசரி எடுப்பார்கள். பிறகு குஞ்சுகள் வளர்ந்ததும் இன்னொரு முறை போய் அவற்றை எண்ணுவார்கள்.

எம்பரர் பென்குயின் கூடே கட்டுவதில்லை. கடல் உறைந்த பனியின் மேல், நடுக்குளிர்காலத்தில், ஒரே ஒரு முட்டை. அதைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டுத் தாய் கடலுக்குப் போய்விடும். தகப்பன் அதைக் காலின் மேல் வைத்து, வயிற்றுத் தோலால் மூடிக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் பட்டினியாக நிற்கும். அந்தச் சமயத்தில் அங்கே நிற்பவை அநேகமாக எல்லாம் ஆண்கள். ஓர் ஆண் என்றால் ஒரு குடும்பம். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவரை எண்ணுவது போல!

தெர் அடேலியில் ஒரு எம்பரர் குடியிருப்பை 1952 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கவனித்து வருகிறார்கள். 1970-களின் பிற்பகுதியில் அங்கே ஜோடிகள் ஏறக்குறையப் பாதியாகிவிட்டன. கடல்பனி குறைந்து வெப்பம் கூடிய வருடங்கள் அவை. முந்தைய இருபது சொச்சம் வருடக் கணக்கு கையில் இருந்ததால்தான் 'பாதி' என்று சொல்ல முடிந்தது. இல்லையென்றால் அங்கே நின்ற சில ஆயிரத்தைப் பார்த்து, ஆகா எவ்வளவு பறவைகள் என்று படம் பிடித்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள்.

அதே இடத்தில் அடேலிகளின் கணக்கு இன்னும் மனதைப் பிசையும். 2013-14 பருவத்தில் ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை. 2016-17-இல் சுமார் 18,000 ஜோடிகளுக்குப் பிழைத்த குஞ்சுகள் இரண்டே இரண்டு. கோடையிலும் கரையோரப் பனி விலகாததால், பெற்றவை இரைக்காக வெகுதூரம் போக வேண்டியிருந்தது. திரும்புவதற்குள் குஞ்சுகள் பட்டினியில் போய்விட்டன. முதல் தடவை மழையும் பெய்து, நனைந்த குஞ்சுகள் குளிரில் விறைத்தன.

அந்த 2013-14 வரிசையில் 'பூஜ்யம்' என்று எழுதியவரை நினைக்கும்போது, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் தலைமை எழுத்தர் சொன்னது ஞாபகம் வரும். கால்நடைக் கணக்கெடுப்பில் ஒரு குக்கிராமத்துத் தாளில் எருமைக் கட்டம் காலியாக வந்திருந்தது. கொண்டுவந்த கர்ணம், "அங்க எருமையே இல்லீங்க" என்றார். "இல்லேன்னா சைபர் போடுமய்யா. காலியா விட்டா நீர் போய்ப் பாக்கலேன்னு அர்த்தம்" என்றார் இவர். ஜமாபந்தியில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். இதைவிடப் பெரிய பாடத்தை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

காலிக் கட்டம் என்ன செய்யும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் குரோசே தீவுகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்குப் 'பன்றித் தீவு' என்று பிரெஞ்சில் பெயர். 1980-களில் அங்கே ராஜா பென்குயின் ஐந்து லட்சம் ஜோடி இருந்தன. அந்த இனத்தில் உலகிலேயே பெரிய குடியிருப்பு அது. எட்டாத இடம் என்பதால் பல பத்தாண்டுகள் ஆராய்ச்சியாளர்கள் யாரும் போகவில்லை. 2018-இல் வெளியான கணக்கில், செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்தபோது மிஞ்சியது சுமார் 60,000 ஜோடி. பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. நோயா, இரைப் பஞ்சமா, வேறெதுவா என்று அப்போதே போய்ப் பார்க்க ஆளில்லை.

அதே செயற்கைக்கோள் நல்ல சேதியும் சொல்லியிருக்கிறது. எம்பரர் கூட்டத்தின் எச்சம் வெள்ளைப் பனியில் பழுப்புக் கறையாக விண்ணிலிருந்து தெரியும். அதை வைத்துத் தேடியதில் 2012-இல் 46 குடியிருப்புகளும் சுமார் 5,95,000 பறவைகளும் கணக்கில் வந்தன. அதுவரை நினைத்திருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்கள் சேவுகம்பட்டியில் தை மாதம் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும்போது, கூட்டத்துக்குள் நிற்பவர் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். மாடியில் நிற்பவருக்குத்தான் கூட்டம் எதுவரை என்று தெரியும்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. அண்டார்டிகாவில் மைத்ரி, பாரதி என்று நமக்கு இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் அங்கே போய்ப் பென்குயின், சீல், பனிப்பறவை எல்லாவற்றையும் பதிவு செய்கிறார்கள். பனிப்பறவை பாறை இடுக்கில் கூடு வைக்கும். ஒவ்வோர் இடுக்காகக் குனிந்து பார்த்துத்தான் எண்ண வேண்டும்.

அவ்வளவு தூரம் போக முடியாத நம்மைப் போன்றவர்களுக்கும் பறவைகள் உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் கூடு கட்டும் நாரைகளுக்காக அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரு ஊரே பறவைக்குக் காவல் நிற்கிறது. ஆனால் பேர் தெரியாத எத்தனையோ கண்மாய்களில் கருவேல மரத்தின் மேல் எத்தனை கூடு இருந்தது என்று கேட்டால், "அந்தக் காலத்துல நெறைய வரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 'நெறைய' என்பதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது?

ஆறு வருடமாக எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள கண்மாயில், கார்த்திகை, தை, பங்குனி மாதங்களில் ஒவ்வொரு நாள் காலையில் நின்று, நத்தைகொத்தி நாரையின் கூடுகளை எண்ணி ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன். தேதி, நேரம், தண்ணீர் எவ்வளவு, கூடு எத்தனை. அவ்வளவுதான். தண்ணீர் வராத ஒரு வருடம் மூன்று முறையும் பூஜ்யம். "ஏங்க, வராத கொக்குக்கு எதுக்கு ஒரு வரி?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். அந்த வரிதான் முக்கியம் என்றேன்.

உங்கள் ஊர்க் கண்மாயிலும் இந்தத் தையில் ஒரு காலை நேரம் நின்று எண்ணிப் பாருங்கள். பேரன் பேத்தி இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். நமக்குக் கண் மங்கினாலும் அவர்களுக்குக் கூடு நன்றாகத் தெரியும். நோட்டில் முதல் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் கண்மாய்ப் பெயரையும் தெளிவாக எழுத மறக்காதீர்கள்.