கீழ வீதியில் ஐந்து பழைய வண்டிகள்

மே மாதம் பிறந்தால் குடும்பத் தலைவனுக்கு இரண்டு கண்டம். ஒன்று அக்னி நட்சத்திரம். இன்னொன்று, "லீவுக்கு எங்கேப்பா கூட்டிட்டுப் போறே?"

என் பையன் ஐந்தாம் வகுப்பு. கார், ரயில் என்றால் சோறு வேண்டாம் அவனுக்கு. கோயமுத்தூரில் ஜி.டி. கார் மியூசியம், சென்னையில் ஐ.சி.எஃப். ரயில் மியூசியம் என்று பட்டியல் வாசித்தான். நான் பி.காம். டிக்கெட், லாட்ஜ், ஓட்டல் என்று மனசுக்குள்ளேயே பற்று எழுதிப் பார்த்தேன். வரவுப் பக்கம் காலி!

"அவ்வளவு தூரம் எதுக்குடா? பழைய வண்டிதானே பார்க்கணும்? என்னோட வா," என்றார் அப்பா, திண்ணையிலிருந்து.

அவர் பக்கத்தில் நின்றது அவருடைய லாம்பிரெட்டா. அது ஓடிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மூவாயிரம் ரூபாய்க்குக் காயலான் கடைக்காரரிடம் பேசி முடித்திருந்தேன். எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு 'எறிமதிப்பு' என்று பேர். அப்பாவிடம் சொன்னபோது, "உன் இஷ்டம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். மஞ்சக்குப்பத்தில் ஆட்டோ பிடித்து முதலில் தேவனாம்பட்டினம். சில்வர் பீச்சுக்குப் போகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு, பக்கத்திலேயே கெடிலம் கரையில் புனித டேவிட் கோட்டையின் மிச்சம் கிடப்பது தெரியாது. எனக்கும் அப்பா சொல்லித்தான் தெரியும்.

1690-ல் மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இதை வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்தப் பேர் இவருடையதுதான். கிரயத்தில் ஒரு வேடிக்கையான ஷரத்து. கோட்டையோடு, பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள கிராமங்களும் கம்பெனிக்கு! விடுவார்களா? நல்ல பீரங்கியாகப் பார்த்து, திசைக்கு ஒன்றாகச் சுட்டு அளந்துகொண்டார்கள். 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பேர். நான் கால் கிரவுண்டு மனைக்கு மூன்று தடவை சர்வேயரைத் தேடி அலைந்தவன். கேட்டதும் வயிறு எரிந்தது.

1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் இந்தக் கோட்டைதான் கம்பெனிக்குத் தலைமையிடம், 1752 வரைக்கும். 1756-ல் ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னர். இரண்டே வருஷத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து, இடித்துத் தள்ளிவிட்டுப் போனார். இப்போது செங்கல்லும் சுண்ணாம்பும்தான்.

"வண்டி எங்கே தாத்தா?" என்றான் பையன். நியாயமான கேள்வி.

திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினோம். ஜன்னல் ஓரத்தில் அப்பாவுக்கு வயசு குறைந்துவிட்டது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஸ்டேஷன் வருவதற்கு முன்பே பேர் சொன்னார். 2010-ல் அகலப்பாதை வருகிற வரைக்கும் இது மீட்டர் கேஜ். கரி எஞ்சின் காலத்தில் ஜன்னலில் தலை நீட்டினால் கண்ணில் கரித்தூள் விழுமாம், இறங்கும்போது வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகிவிடுமாம். பரங்கிப்பேட்டை வந்ததும், 1781-ல் ஐதர் அலி சேனையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதிய இடம் இதுதான் என்று நான் என் பங்குக்கு எடுத்துவிட்டேன். பையன் காதில் வாங்கவில்லை.

"அந்தக் கரி எஞ்சின் எல்லாம் இப்போ எங்கே தாத்தா?"

"காயலான் கடைக்குப் போயிருக்கும்." அப்பா வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் தண்ணீர் குடித்தேன்.

சிதம்பரத்தில் இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. நடை சாத்தியிருந்தது. கத்தரிக்காய் கொத்சு இருக்கிற ஓட்டலாகப் பார்த்து உட்கார்ந்து, சாயங்காலம் வரை நேரத்தைக் கடத்தினோம்.

கோயிலுக்குள் அப்பா நேராக நிருத்த சபைக்குக் கூட்டிப் போனார். ஐம்பத்தாறு தூண்கள். மண்டபம் என்று பேர்தானே தவிர, பார்வைக்கு ரதம். அடியில் கல்லில் சக்கரம், இழுக்கக் கல்லிலேயே குதிரைகள். "இது முதல் வண்டி. ஓடாது," என்றார். "ஓடுறது வெளியே நிக்குது."

வெளியே கீழ வீதியில் தேர்கள். நடராஜர், சிவகாமசுந்தரி, விநாயகர், முருகர், சண்டிகேசுவரர் என்று ஐந்து. ஆனியிலும் மார்கழியிலும் நான்கு வீதியும் சுற்றி வரும். மற்ற ஊர்களில் உற்சவருக்குத்தான் தேர். இங்கே மூலவர் நடராஜரே இறங்கி வந்து ஏறிக்கொள்வார்.

"ஸ்டியரிங் எங்கே தாத்தா?"

அப்பா இதற்குத்தான் காத்திருந்தார். முன்னால் வடம், பின்னால் நெம்புகட்டை. திரும்பவும் நிற்கவும் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகுவார்கள். முட்டுக்கட்டை! கட்டை போடுகிறவன் கை கொஞ்சம் பிசகினாலும் ஆபத்து. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த கதையையும் சொன்னார். பத்து வயசில் இதே வீதியில் வடம் பிடித்து உள்ளங்கை உரிந்ததைச் சொல்லி, கையை விரித்தும் காட்டினார். அறுபத்து நாலு வருஷத்துக்கு முந்தைய காயம். பையன் தடவிப் பார்த்தான்!

"இதுக்கு எவ்வளவு வயசு?"

"அச்சு மாத்துவாங்க, மரம் மாத்துவாங்க. தேர் அதே தேர்தான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏண்டா, ஒரு வண்டிக்கு மதிப்பு எப்போ பூஜ்யமாகும்? நீதான் படிச்சவனாச்சே."

ஒரு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் நீள வாக்கியம். தேர் நிழலில் நின்று பாடம் நடத்தினேன். நேர்கோட்டு முறை என்று ஒன்று. வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழித்துக்கொண்டே வந்தால் ஒரு நாள் எறிமதிப்புதான் மிஞ்சும். இன்னொன்று குறைந்து செல் மதிப்பு முறை. மீதியில்தான் சதவீதம் போட்டுக் கழிப்போம். நூறு வருஷம் கழித்தாலும் சைபர் ஆகாது, துளியாவது நிற்கும்.

அப்பா யோசித்தார். "எனக்கு எந்த முறை போட்டு வெச்சிருக்கே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

சட்டைப் பையில் செல்போன் அடித்தது. காயலான் கடைக்காரர். நாளைக்குக் காலையில் வண்டி அனுப்பலாமா சார், என்றார்.

"ஹலோ... ஹலோ... இங்கே டவர் சரியில்லைங்க, ஒண்ணும் கேக்கலை," என்று வைத்துவிட்டேன்.

கீழ வீதியில் டவர் ஜோராக இருந்தது.